புத்தூர்க் கட்டு

"வலிக்கலன்னு சொன்னேன்ல? விடு சங்கரி, இன்னைக்கு நான் தடா வரைக்கும் ஓடணும்" என்றபடி கோபிகிருஷ்ணன் ஷூவுக்குள் வலது காலைத் திணித்தான். திணிக்கும்போதே பல்லைக் கடித்தான்.

"வலிக்காத காலுக்கு இன்னாத்துக்கு மாமா மூஞ்சி அப்டிப் போவுது?" என்றாள் அவன் மனைவி சிவசங்கரி.

சாலையோரப் பள்ளத்தில் கால் வைத்ததில் கணுக்கால் பிசகியிருந்தது. சின்ன விஷயம்தான். ஓய்வு கொடுத்திருந்தால் வந்த வழியே போயிருக்கும். ஆனால் சென்னை மாரத்தானுக்கு இன்னும் இரண்டே வாரம். பகலெல்லாம் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்ததும் ஓட்டம். தூங்கும்போது மட்டும்தான் அந்தக் காலுக்கு விடுமுறை.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புருஷன் மாரத்தான் ஓடப்போகிறான் என்று ஊரெல்லாம் தமுக்கடித்தவளே சங்கரிதான். தான் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் சொன்னாள். நகரியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் ஓடுகிற படத்தை வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்து, யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த வீக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் வந்தது. இந்தக் காலோடு ஓடி அது மொத்தமாகக் கெட்டுப்போனால்? நிற்க முடியாதவனுக்குக் கம்பெனியில் ஏது வேலை?

"ஓடாதன்னு டாக்டர் சொன்னாரு, கேக்கல. நான் சொன்னேன், கேக்கல. புத்தூருக்காவது வா மாமா. எலும்பு ஒடஞ்சிருக்குதா இல்லியான்னு தொட்டுப் பாத்துச் சொல்லட்டும்."

மறுப்பான் என்று நினைத்தாள். "சரி, போலாம்" என்று ஷூவைக் கழற்றினான்.

புத்தூரில் எலும்பு வைத்தியர் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கோபி உள்ளே போய்க் காலைக் காட்டிய நேரத்தில், வரிசையில் இருந்தவர்கள் சொன்னபடி, கட்டுக்கு வேண்டிய முட்டையும் துணியும் வாங்கச் சங்கரி கடைக்குப் போனாள். திரும்பியபோது அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"உள்ள குடுத்துட்டு வா. அப்புறமாக் கூப்புடறேன்னாரு" என்றான்.

அவள் தனியாக உள்ளே போனாள். "ஒடஞ்சிருக்குதுங்களாண்ணா?"

"ஏமி காலேதும்மா, ஒண்ணும் ஆவல. எலும்பு நல்லா இருக்குது. சுளுக்குதான். ஓடாம இருந்தா தானாப் போய்டும்."

நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். உடனே அடுத்த பயம் வந்தது. ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நாளைக்கே ஓடக் கிளம்பிவிடுவானே! கதவுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அவருகிட்ட அப்டிச் சொல்லாதீங்கண்ணா. விரிசல் வுட்டுருக்குதுன்னு சொல்லி ஒரு கட்டு போட்டுடுங்க. வேற எதுக்கும் அடங்க மாட்டாரு."

வைத்தியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "சரிம்மா, கட்டிடலாம்" என்றார். இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மருந்தும் முட்டையும் பூசி, மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். "லேசா விரிசல் இருக்குது. மூணு வாரம் கால ஊனக் கூடாது."

"மூணு வாரமா? ரெண்டு வாரத்துல மாரத்தான் சார்!"

சொல்லிவிட்டுக் கோபி தலையைக் குனிந்துகொண்டான். சங்கரி அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

புத்தூர்க் கட்டுக்கு அந்தப் பக்கத்தில் தனி மரியாதை. டாக்டர் சீட்டைக்கூடச் சந்தேகப்படுவார்கள், கட்டைப் பார்த்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். சூப்பர்வைசர் மறுபேச்சில்லாமல் லீவு கொடுத்தார். தினமும் கோபியோடு சேர்ந்து ஓடும் எத்திராஜ் வீட்டுக்கு வந்தான். பயந்துவிட்டாயா என்று கிண்டல் செய்யத்தான் வந்திருப்பான். கட்டைப் பார்த்ததும், "புத்தூர்க் கட்டா? அப்போ பேச்சே இல்ல, படுத்துக்கினு இரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோபி படுத்துக்கொண்டேதான் இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான், எழுந்து மறுபடியும் தூங்கினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் இப்படித் தூங்கிச் சங்கரி பார்த்ததில்லை. துக்கம்தான் இப்படி அடித்துப் போட்டிருக்கிறது என்று நினைத்து அவள் உருகினாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வரும். பந்தயம் முடியட்டும் என்று விழுங்கிக்கொள்வாள்.

பந்தய நாளும் வந்தது. காலை வெயில் ஏறும் நேரத்தில் எத்திராஜ் சென்னையிலிருந்து படம் அனுப்பினான். கழுத்தில் பதக்கம், முகமெல்லாம் பல். கோபி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குமேல் சங்கரியால் தாங்க முடியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"மாமா, உன் கால்ல விரிசலே இல்ல. சுளுக்குதான். நீ ஓடிக் கால கெடுத்துக்குவியோன்னு பயந்து, நாந்தான் அந்த வைத்தியர்கிட்டச் சொல்லிக் கட்டு போட வெச்சேன். இத்தன மாசம் நீ பட்ட பாட்ட நானே கெடுத்துட்டேன். திட்டறதுன்னா திட்டிடு."

கோபி திட்டவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஊரெல்லாம் சொல்லிக்கினு நீ எவ்ளோ சந்தோசமா இருந்தே சங்கரி, என்னால முடியலன்னு உன்கிட்ட எப்டிச் சொல்றது? அதான், நீ உள்ள வர்றதுக்கு முன்னாடியே, பொய்யாவாவது ஒரு கட்டு போட்டுடுங்கன்னு நானும் அவரக் கெஞ்சிட்டு வந்தேன்."