கையை இறக்கக் கூடாது

"இவளுக்குப் புரியற மாதிரி வெச்சுக் குடுத்துட்டீன்னா, ஊர்ல யாருக்கு வேணும்னாலும் புரியும்" என்றார் வீட்டுக்காரர். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

டி.வி.க்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, டிஸ்க் பிளேயருக்கு ஒன்று என்று மேஜை நிறைய ரிமோட். அத்தனையையும் ஒரே ரிமோட்டில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில்.

"நாளைக்கு என் பழைய ஆபீஸ் ஆளுங்க படம் பார்க்க வராங்க. போன தடவை இவ எதையோ மாத்தி அமுக்கிட்டா. சத்தம் வருது, படம் வரல. அவங்க முன்னாடி மானமே போச்சு."

அந்தம்மா ரிமோட்டுகளை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஏற்றி முடித்தேன். "இந்தப் பெரிய பட்டன் ஒண்ணுதாம்மா. அமுக்கிட்டு டி.வி. பக்கமே நீட்டிட்டிருக்கணும். எல்லாம் ஆன் ஆகுற வரைக்கும் கையை இறக்கக் கூடாது. சார், நீங்களும் ஒரு தடவை பண்ணிப் பாக்கறீங்களா?"

"எனக்கெதுக்குப்பா? நீ சொன்னப்பவே புரிஞ்சு போச்சு. அவளுக்குச் சொல்லு."

அந்தம்மா அமுக்கினார். அமுக்கிய வேகத்தில் கையை இறக்கினார். சத்தம் வந்தது, படம் வரவில்லை.

மறுபடி சொன்னேன். மறுபடி இறக்கினார். அதற்கடுத்த தடவை பட்டனையே மாற்றி அமுக்கினார்.

"மரமண்டை" என்றார் அவர், என்னையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டு.

அவர் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்தம்மா மீதும் எரிச்சல்தான். ஒரே ஒரு பட்டன். அடுத்து நான் போக வேண்டிய வீட்டுக்காரர் வேறு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் இங்கே பாடின பாட்டையே பாடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கணவருக்கே பொறுக்கவில்லை. "குடு இப்படி" என்று ரிமோட்டைப் பிடுங்கினார்.

அமுக்கினார். கையை நீட்டியபடியே நின்றார். "இறக்கக் கூடாது... இறக்கக் கூடாது..." என்று உதடு மட்டும் அசைந்தது. சத்தமும் வந்தது, படமும் வந்தது.

"பார்த்தியா? இதுக்குப் போய் இத்தனை பாடு." முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.

நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அந்தம்மா வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு நடை வந்துட்டுப் போங்க தம்பி. எனக்கு மறுபடியும் சொல்லித் தரணும்."

எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. "கோவிச்சுக்காதீங்கம்மா. ஒரே ஒரு பட்டன். இதுல இன்னும் சொல்லித்தர என்ன இருக்கு?"

அந்தம்மா உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு முதல் தடவையே புரிஞ்சுடுச்சு தம்பி. அவருக்குத்தான் இப்பல்லாம் எதுவும் மனசுல தங்க மாட்டேங்குது. போன தடவை மாத்தி அமுக்கினதும் அவர்தான். திரும்பச் சொல்லுங்கன்னு கேக்க அவருக்கு வாய் வராது. வீட்டுல ஒருத்தி மக்கா இருந்தாத்தானே நீங்க இன்னொரு தடவை சொல்லுவீங்க?"