தராசு வரை

கோழி எப்படி வளர்ந்தது என்று சீட்டில் எழுதி ஒட்டித்தான் கறியை விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கடையில் இருந்த வெற்றுச் சீட்டு பண்ணைக்கோழியிடம் கேட்டது: "நீ எங்கேம்மா வளர்ந்தே?"

பக்கத்தில் நாட்டுக்கோழி நின்றது. அதன் காதிலும் விழட்டும் என்று, "தோப்பிலேதான். நாள் முழுக்க மேய்ச்சல்," என்றது பண்ணைக்கோழி.

"தோப்புக்காரியா நீ? அந்தத் தராசு வரைக்கும் நடந்துட்டு வா, பார்ப்போம். ஆறடிதான்," என்றது நாட்டுக்கோழி.

பண்ணைக்கோழி எழுந்து ஓரடி வைத்தது. இரண்டாம் அடியில் உடம்பின் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டது. நாட்டுக்கோழி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கொட்டகையிலே," என்றது பண்ணைக்கோழி, தரையைப் பார்த்தபடி. "நாலாயிரம் பேர். நடக்க இடமில்லே. எழுதிக்கோ. ஆனா கொஞ்சம் சின்ன எழுத்தா எழுது, தம்பி."