தரையில் கிடக்கும் வயர்

அல்பெர்கேரியாக் கோயிலில் மாலைப் பூசை தொடங்கப்போகிறது. பாடகர் குழுவின் கடைசிக் கதிரையில் கிழவர் கிறிகோரி மின்கிற்றாரோடு குந்தியிருக்கிறார். ஒருகாலத்தில் கொழும்பு ஹோட்டல்களை ஆட வைத்த ரிதம் அண்ட் புளூஸ் குழுவின் கிற்றார்காரர். இங்கே இத்தாலியில், ஒரு சின்யோரா அம்மாவின் வீட்டுத் தரை துடைக்கிற ஆள். "அண்ணை, போன கிழமை மாதிரிச் சனத்தை ஆட வைச்சிடாதேங்கோ, இது கோயில்," என்று சிரிக்கிறாள் குழுத்தலைவி அமலினி. "ஓம் பிள்ளை." அந்தச் சிரிப்பை நம்பாத அவரின் கண் கிற்றார் வயரின் வழியே போகிறது. ஒலிபெருக்கியில் இருக்கவேண்டிய முனை, யன்னல் கண்ணாடியின் சிவப்பு வெளிச்சத்தில், தரையில் கிடக்கிறது. அவள்தான் கழற்றியிருப்பாள். குனிந்து எடுக்க அவருக்கு மனமில்லை. பாட்டு எழும்புகிறது. அத்தனை குரல்களுக்கும் அடியில், ஒருவருக்கும் கேட்காத கிற்றாரில், கால் பெருவிரல் தாளம் தட்ட, அந்தப் பழைய ஹோட்டல் ஆட்டப் பாட்டை முழுசாக வாசிக்கிறார்.