கோபுரத்துக்குப் போன இரும்பு

"மூணாவது தடவையா திருப்பி அனுப்பியிருக்கே. உனக்குக் கர்த்தர் மேல என்ன கோபம், மாசினா?"

ஊர்த்தலைவர் தஃபிலி கேட்ட கேள்வியில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து நாற்காலியில் போதகர் எலியூ கண்ணை மூடிக்கொண்டு புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் வைதாலா ஊரின் புதுத் தேவாலயத்து வரைபடம் விரிந்து கிடந்தது.

கடைக்கால் தோண்டுமுன் எந்தக் கட்டடத்தின் வரைபடமும் தலைநகர் ஆப்பியாவின் கட்டட அனுமதி அலுவலகத்தில் பொறியாளர் மாசினாவின் மேசைக்கு வந்தாக வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்டு பிரிக்க முடியாது. வைதாலா அவள் பிறந்து வளர்ந்த ஊர். அதனால் காரியம் சுலபம் என்று நினைத்து, நல்ல பாய் ஒன்றும் டின் மாட்டிறைச்சிப் பெட்டி ஒன்றுமாக வந்திருந்தார்கள்.

"கர்த்தர் மேல கோபமில்ல, பெரியப்பா. கூரை மேலதான். கூரைச் சட்டத்தைத் தூணோட சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பட்டை இதுல பாதிகூட இல்ல. பெரிய காத்து அடிச்சா கூரை அப்படியே எழும்பிடும்."

"முதல் வரைபடத்துல இருந்துச்சே."

"இருந்துச்சு. அப்புறம் ரெண்டாவது கோபுரம் வரைஞ்சீங்க. கூரைக்கு வச்சிருந்த இரும்பெல்லாம் அங்க போயிடுச்சு. ஒரு கோபுரத்தை எடுத்துடுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

தஃபிலிக்கு முகம் கறுத்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் போன வருஷம்தான் இரட்டைக் கோபுரம் கட்டித் திறந்திருந்தார்கள். எங்கள் தீவில் ஊர்ப் பெருமையைக் கோபுரத்தை எண்ணித்தான் அளப்பார்கள். கூரைக்குள் இருக்கும் இரும்பு சாலையில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாதே.

"ஒத்தைக் கோபுரத்தை வச்சுக்கிட்டு அவனுங்க ஊர் வழியா எந்த மூஞ்சியோட பஸ்ஸுல போறது?" என்றார். "நீ படிக்க நியூசிலாந்து போனப்ப ஊரே விமான நிலையத்துல நின்னு பாடிச்சு. இந்தக் கட்டட விதியா வந்து உனக்காகப் பாடிச்சு?"

"அந்த ஊருக்காகத்தான் சொல்றேன். நம்ம வீடுங்க வெறும் தூணும் கூரையும்தான், சுவரே கிடையாது. காத்து கிளம்பினா எல்லாரும் சர்ச்சுக்குத்தானே ஓடுறோம்? எங்கம்மாவும் அங்கதான் ஓடணும்."

அப்போதுதான் போதகர் கண்ணைத் திறந்தார்.

"மகளே, அது அவர் வீடு. அவர் வீட்டுக் கூரையை அவர் பிடிச்சுக்க மாட்டாரா? நீ விசுவாசத்தை ஸ்கேல் வச்சு அளக்கிறே."

மாசினா வரைபடத்தைச் சுருட்டி, பாயோடும் பெட்டியோடும் சேர்த்து அவர்களிடமே கொடுத்தாள்.

ஊரில் பேச்சு கிளம்பியது. படித்த திமிர் என்றார்கள். வெள்ளைக்காரன் புத்தகத்தை பைபிளுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள் என்றார்கள். எல்லாம் அவள் காதுக்கு வந்தது. தாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கூப்பிட்டாள்.

"இந்த வாரம் போதகர் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புறது நம்ம முறை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, சூட்டுக்கல்லுல பன்னி சுட்டு, தேங்காய்ப்பால் ஊத்தி சேப்பங்கீரை கட்டி அனுப்பினேன். தட்டு அப்படியே திரும்பி வந்துடுச்சு, மாசினா. மூடின துணியைக்கூடப் பிரிக்கல."

"யாராவது பாத்தாங்களாம்மா?"

"சர்ச் விட்டு எல்லாரும் நடந்து போற நேரம். யாரு பாக்கல? உங்கப்பா செத்தப்பகூட நான் இப்படிக் கூனிக் குறுகினதில்ல."

கோபுரத்தைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் மாசினா சண்டை போட்டிருப்பாள். அம்மா வெறுமனே அழுதாள். அதற்கு எதிராக மாசினாவிடம் எந்த விதியும் இல்லை.

மறுநாள் வரைபடத்தை வரவழைத்தாள். 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டாள். பார்க்காமல் போட்டிருந்தால் கவனக்குறைவு என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு கோட்டையும் பார்த்துவிட்டுப் போட்டாள். அன்றிலிருந்து காற்று கொஞ்சம் பலமாக வீசினாலும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

வைதாலாவில் எல்லாம் சரியாகிவிட்டது. போதகர் பிரசங்க மேடையிலிருந்து மாசினாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். தஃபிலி அம்மாவை அழைத்து முன் பெஞ்சில் உட்காரவைத்தார்.

மூன்று வாரம் கழித்துப் போதகர் தனியாக அலுவலகத்துக்கு வந்தார். கையில் இன்னொரு வரைபடம் இருந்தது. தேவாலயத்தை ஒட்டி ஊர் அவருக்குக் கட்டித் தரப்போகும் புது வீடு.

மாசினா பிரித்துப் பார்த்தாள். அலங்காரம் ஒன்றும் இல்லை. கூரையின் ஒவ்வொரு சட்டத்துக்கும் இரட்டை இரும்புப் பட்டை. வீட்டின் நடுவில், ஜன்னலே இல்லாமல், மேலேயும் கான்கிரீட் போட்ட ஓர் அறை. இவ்வளவு பத்திரமான வீட்டு வரைபடம் அவள் மேசைக்கு இதுவரை வந்ததில்லை.

"எல்லாம் சரியா இருக்கு, போதகரய்யா," என்று முத்திரையை எடுத்தாள்.

அவர் கையமர்த்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவசரமில்ல மகளே. இன்னொரு தடவை நிதானமாப் பாரு. பேரப்பிள்ளைங்க அஞ்சு பேர் என்கூட இருக்காங்க. காத்து அடிச்சா அதுங்களைச் சர்ச்சுக்கா கூட்டிக்கிட்டு ஓட முடியும்?"