சிரிக்கும் ஓய்வறை

இங்கிலாந்து அணியின் ஓய்வறையில் பாட்டு ஓடுகிறது. ஆறாவது விக்கெட்டாக ஆட்டமிழந்து வருகிறவனை எல்லோரும் சிரித்தபடி கட்டிக்கொள்கிறார்கள். இங்கே யார் முகமும் வாடக் கூடாது. ஜன்னலில் வெளிச்சம் மங்குகிறது. கடைசி நாள்; இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் டெஸ்ட் டிராதான், தோல்வியில்லை. அடுத்து இறங்க வேண்டிய டோபின் கேப்டன் பக்கம் திரும்புகிறான்.

"கட்டை போட்டே நின்னுடட்டுமா, கேப்டன்?"

யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை.

"டோபின் மண்ணுல வேர் விடப்போறானாம்டா!" என்கிறான் ஒருவன்.

"என்னடா, பயந்துட்டியா? போ, ஜாலியா அடிச்சு ஆடு," என்கிறான் கேப்டன், மிக மெதுவாக.

டோபின் முகத்திலும் அதே சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. அவன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த பிசியோ நான். தோள் சில்லிட்டுப்போவதை உணர்ந்து கையை எடுக்கிறேன். அவன் களத்துக்குப் போய், முதல் பந்துக்கே மட்டையை ஓங்குகிறான். பந்து இன்னும் அவனை எட்டவில்லை. என் பக்கத்தில் அடுத்த ஆட்டக்காரன் எழுந்து தலைக்கவசத்தை மாட்டுகிறான்.