ஜன்னலில் சிக்கிய திருடன்

“வாயை மூடினா கதையும் மூடிக்கும், ராஜா!” என்றார் பல் டாக்டரம்மா.

ஏற்கெனவே இரண்டு தடவை நாற்காலியிலிருந்து குதித்து ஓட்டம் பிடித்தாயிற்று. இன்றாவது அந்தச் சொத்தைப் பல்லைப் பிடுங்கியாக வேண்டும். ஊசி போட்டு ஈறு மரத்துவிட்டது, வாய்தான் திறக்கவில்லை.

“திருடன் ஜன்னல்ல தலையை விட்டானா, தொப்பை மாட்டிக்கிச்சு! முன்னாடி பூனை, பின்னாடி நாய்...”

வாய் ஆவென்று பிளந்தது. பல் கையோடு வந்துவிட்டது.

“அவ்வளவுதான், தங்கம்! சமர்த்து!”

கதவைத் திறந்து எட்டு வயது மகள் போலீஸ் தொப்பியோடு ஓடி வந்தாள். “அப்பா, அழுதீங்களா?”

இன்ஸ்பெக்டர் மீசையைத் துடைத்துக்கொண்டார். “அது கெடக்கட்டும். டாக்டரம்மா, திருடன் பிடிபட்டானா?”

“மேல இன்னொரு சொத்தை இருக்கே! அதைப் பிடுங்கறப்போ சொல்றேன்.”

இன்ஸ்பெக்டர் மறுபடியும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.