காட்டுத் தடத்துக்கு ஒரு பர்மிட்

செக்போஸ்ட் சங்கிலியை அவிழ்க்காமல் கண்ணகி பேப்பரை நீட்டினாள்.

"எழுதுங்கண்ணே."

மைக்கேல்ராஜ் இன்ஜினை அணைத்தான். பிக்கப்பில் பதினாறு மூட்டை ரேஷன் அரிசி. மலைமேல் நெல்லிப்பாறைக்குப் போகவேண்டும். கச்சிராயபாளையத்திலிருந்து இந்த மண் தடத்தில் ஒன்பது வருஷமாக ஓட்டுகிறான். முன்பிருந்த வனத்துறைக் கார்டுகள் கையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இவள் வந்தாள். கூடவே இந்தப் பேப்பரும் வந்தது.

"ஆர்.சி. இருக்குது, எஃப்.சி. இருக்குது, இன்சூரன்ஸ் இருக்குது. இன்னும் இன்னா மேடம் வேணும்?"

"அதெல்லாம் தார் ரோட்டுக்கு. காட்டுத் தடத்துக்குப் பர்மிட் எழுதணும்."

வண்டி நம்பர், ஓட்டுபவர் பேர், நேரம், என்ன காரியம். கார்பன் வைத்து இரண்டு பிரதி. காரியம் என்கிற இடத்தில்தான் அவள் பிடிவாதம். ஒருமுறை 'சொந்த வேலை' என்று எழுதினான். அதைக் கிழித்துவிட்டு வேறு பேப்பர் கொடுத்தாள். அன்று வண்டியில் பிரசவ வலியோடு படுத்திருந்த பெண்ணுக்கு எத்தனை மாசம் என்று கேட்டு அதையும் எழுத வைத்தாள்.

இன்னொன்றும் அவனுக்குப் புரியவில்லை. இரண்டு பிரதியையும் அவளே எடுத்துக்கொள்வாள். பர்மிட் என்றால் ஒன்று வண்டிக்காரனிடம் இருக்கவேண்டாமா? கேட்டால், நீங்கள் தொலைத்துவிடுவீர்கள் என்பாள்.

எதையாவது எதிர்பார்க்கிறாளோ என்று ஒருநாள் பலாப்பழம் ஒன்றை இறக்கி வைத்துவிட்டுப் போனான். திரும்பி வரும்போது அது வைத்த இடத்திலேயே எறும்பு மொய்த்துக் கிடந்தது.

டீக்கடையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரமோஷனுக்காக என்றார் ஒருவர். ஊர்க்காரர்களை மலையைவிட்டு இறக்கத் திட்டம் என்றார் இன்னொருவர். பேசாமல் எழுதிக் கொடு, கையெழுத்தாவது திருந்தும் என்றாள் அவன் மனைவி ஆனந்தமேரி.

நெல்லிப்பாறை அம்மாசியைப் பாம்பு கடித்த அன்றுதான் அவனுக்குப் பொறுக்காமல் போனது. அவரை ஏற்றி வந்த வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே கண்ணகி சங்கிலியை அவிழ்த்துவிட்டாள், அது உண்மை. ஆனால் சாயங்காலம் காலி வண்டியோடு திரும்பியவனை நிறுத்தி, அதே பேப்பரை நீட்டினாள்.

"எத்தினி மணிக்குக் கடிச்சுது? எத்தினி மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தீங்க?"

"ஆளு பொழைச்சாரான்னு கேக்கத் தோணலையா மேடம்?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எழுதுங்கண்ணே."

அம்மாசி மூன்று நாள் கழித்துக் கண் திறந்தார். அடுத்த திங்கட்கிழமை மைக்கேல்ராஜ் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டத்தில் நின்றான். கையில் மனு. தேவையில்லாமல் பர்மிட் எழுத வைத்து அலைக்கழிக்கும் கார்டு கண்ணகி மேல் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று வெளியே ஒருவரிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தான்.

அவனுக்கு முன்னால் நின்றது நெல்லிப்பாறை ராணியம்மாள். ரோடு கேட்டு நாலாவது தடவை வந்திருக்கிறாளாம்.

"போன தடவையே பதில் அனுப்பினோமேம்மா," என்றார் அதிகாரி. "அந்தத் தடத்துல வண்டிப் போக்குவரத்தே இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கு. அப்புறம் எப்படி ரோடு போடறது?"

ராணியம்மாள் ஒரு காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தாள்.

மைக்கேல்ராஜ் எட்டிப் பார்த்தான். நீல கார்பனில் அவனுடைய கோணல் கையெழுத்து.

அதிகாரி புரட்டினார். ரேஷன் அரிசி. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு. பிரசவ வலி, எட்டாம் மாசம். குழந்தைக்குக் காய்ச்சல். பாம்புக்கடி: கடித்தது காலை ஏழு, ஆஸ்பத்திரி சேர்ந்தது பத்தே கால். அந்தத் தாளில் அவர் விரல் நின்றது.

"இருநூத்தி நாப்பது டிரிப் இருக்கும்போல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வனத்துறை ஊழியர் ஒரு தாளை வாங்கிப் பார்த்தார்.

"சார், இது எங்க ஃபாரமே இல்ல. ஊர்க்காரங்களுக்குச் சரக்கு ஏத்தற வண்டிக்கு அந்தத் தடத்துல பர்மிட்டே வேணாம். இந்த மாதிரி எழுதி வாங்கச் சொல்லி யாருக்கும் ஆர்டர் கிடையாது. கார்டு வாங்கியிருந்தா அவங்க மேல ஆக்‌ஷன் எடுக்கணும்."

ராணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பர்மிட்டே வேண்டாம். மைக்கேல்ராஜ் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். எத்தனை மாசம், எத்தனை மணி என்று கண்ணகி குடைந்து குடைந்து கேட்டது, இரண்டு பிரதியையும் தன்னிடமே வைத்துக்கொண்டது, எல்லாம் அந்த மேஜைமேல் கிடந்தது. ரோடு கேட்டு அவளால் மனு போட முடியாது. அவள் காட்டுக்குக் காவல்.

"யாரு இந்த மைக்கேல்ராஜ்?" என்று கேட்டார் அதிகாரி.

ராணியம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவன் முன்னால் வந்தான்.

"கார்டு உன்னைக் கட்டாயப்படுத்தி எழுதச் சொன்னாங்களா? உள்ளதைச் சொல்லு."

ஆமாம் என்றுதான் கையிலிருந்த மனுவும் சொன்னது. தலையை ஆட்டினால் போதும், கண்ணகி இனி அந்தச் சங்கிலிப் பக்கம் வரமாட்டாள். காகிதக் கட்டும் செல்லாமல் போகும். ரோடு வராது. ரோடு வராவிட்டால் டவுன் பஸ் வராது; நெல்லிப்பாறை டிரிப் என்றைக்கும் அவனுக்குத்தான்.

அவன் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"இல்லைங்க சார். அந்தம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்காம எழுதி எழுதிக் குடுத்துக்கினு இருந்தேன்."